மதிலுக்கு உள்ளே ஒரு பெயர்

கருவாடு விற்கிறவர் வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இத்த வாங்காத" என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன். கல்யாணமாகி அந்த ஊருக்குப் போன புதிதில், நெத்திலியைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த அக்கா அப்படிச் சொன்னார்.

"மயைல நமுத்துப் போச்சிம்மா. கொயம்பு வெச்சா நாறும். அடுத்த சந்தைக்குப் புதுசு எடுத்தாறேன், அப்ப வாங்கிக்க."

"அப்போ எதுக்கு இதைத் தூக்கிட்டு வந்தீங்க?"

"வேணும்னு கேக்கறவங்களுக்குத்தான். நாறும்னு சொல்லித்தான் குடுப்பேன். அப்பவும் வாங்கறாங்கோ, நான் இன்னா பண்ண?"

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். இந்த அம்மா எப்படிப் பிழைக்கிறார் என்று அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவர் சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். "அந்தக்கா அப்படித்தான், பொய் சொல்ல வராது" என்றார். சமைக்க வராது, தைக்க வராது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். அதில் அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஊரின் பெயரையும் சொல்லமாட்டேன். இதில் வருகிற மற்றப் பெயர்களும் மாற்றியவைதான். திருப்புலிவனத்துக்கும் பெருநகருக்கும் நடுவே, ஏரிக்கரையை ஒட்டிய ஒரு ஊர். அதற்குக் கிழக்கே காலனி. காலனியில் ஓடு வேய்ந்த ஒரு சின்ன ஆலயம், கொஞ்சம் தள்ளி மதில் கட்டிய கல்லறைத் தோட்டம். இவ்வளவு தெரிந்தால் போதும். ஏன் மறைக்கிறேன் என்பது போகப் போக உங்களுக்கே விளங்கிவிடும்.

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்கு வாய்த்த ஆயர் நல்ல மனிதர். உத்திரமேரூரில் குடியிருந்துகொண்டு சுற்றுப்பட்ட ஊர்ச் சபைகளையெல்லாம் சைக்கிளிலேயே சுற்றிப் பார்த்துக்கொண்டவர். எங்கள் ஊருக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் அவர் வர முடியும். பாவத்துக்கு மனம் வருந்தி அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து, ஞானஸ்நானம் எல்லாம் அந்த ஒரு நாளில்தான். "நான் மாசத்துக்கு ஒரு தரம் வர்றவன். சாவும் சீக்கும் மாசத்துக்கு ஒரு தரமா வருது?" என்று கேட்டு, சபையாரில் சிலரைத் தேர்ந்தெடுத்து வீடு சந்திக்கும் ஊழியத்துக்குப் பழக்க ஆரம்பித்தார். அந்த ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானமே வந்து ஆலயத்தில் வகுப்பு எடுப்பார். வாத்தியார் பெண்டாட்டி, எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் என்பதால் என்னைச் சேர்த்தார். அக்காவை ஏன் சேர்த்தார் என்று கேட்டபோது, "அவங்க கால் படாத வீடு இந்தப் பக்கத்துல எது?" என்றார்.

வகுப்பில் சொல்லிக்கொடுத்தவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். நோயாளியின் கட்டிலில் உட்காராதே. அவர் தன் சீக்கைப் பற்றிச் சொல்லும்போது உன் மாமனாரின் சீக்கைப் பற்றிப் பேசாதே. நெடுநேரம் இருக்காதே. ஒரு சங்கீதம் வாசி, ஜெபத்தைச் சுருக்கமாக முடி. நம்பிக்கையூட்டும் வார்த்தை ஒன்றாவது சொல்லிவிட்டு எழுந்து வா. அதோடு ஒரு சனிக்கிழமை, ஆயர் வர முடியாத நேரத்தில் சாகக் கிடக்கும் குழந்தைக்குச் சபையார் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றும் சொல்லித்தந்தார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூன்று நாமத்தையும் சொல்லி மூன்று முறை தலையில் தண்ணீர் ஊற்றி, பெயரைச் சொல்ல வேண்டும். "ஆனா உயிர் இருக்கணும். போன உயிருக்கு ஞானஸ்நானம் கிடையாது. அதுல வெளையாடக் கூடாது" என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

பாடம் முடிந்ததும் நடித்துக் காட்டச் சொல்வார். ஒருவர் பாயில் நோயாளியாகப் படுத்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் பார்க்க வர வேண்டும். நான் பாயில் படுத்து, வாயைக் கோணிக்கொண்டு நன்றாகவே முனகினேன். அக்கா வந்தார், குனிந்து பார்த்தார்.

"இன்னா வாத்தியாரம்மா, நல்லாத்தான கீற? ஏந்து குந்து" என்றார்.

ஆயரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அவங்களுக்குச் சீக்குன்னு நெனச்சுக்கங்க, அம்மா" என்று எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். "இல்லாத சீக்க எப்படிங்கய்யா நெனைக்கறது?" என்று அக்கா உண்மையாகவே கேட்டார். அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

இரண்டிரண்டு பேராகப் போகச் சொன்னார் ஆயர். எனக்கு ஜோடி அக்கா. எனக்கு அதில் கொஞ்சமும் விருப்பமில்லை, பொய் சொல்வானேன். புடவையைக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு, வேதாகமத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு நான் கிளம்பினால், பக்கத்தில் கருவாட்டு வாடையோடு அவர் வருவார். ஒரு வீட்டில் இவர் வாயிலிருந்து என்ன வந்து விழுமோ என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே நடப்பேன்.

நான் பயந்தபடியே நடந்தது. வண்டியோட்டி ஒருவர் தொண்டையில் கட்டி வந்து படுத்திருந்தார். கஞ்சி கூட இறங்கவில்லை. நான் சங்கீதம் வாசித்து, ஜெபம் பண்ணி, "சீக்கிரம் எழுந்து வண்டி ஓட்டப்போறீங்க பாருங்க" என்று சொல்லி முடித்தேன். வகுப்பில் கற்றுக்கொடுத்ததை ஒன்று விடாமல் செய்துவிட்ட திருப்தி எனக்கு. அந்த மனிதர் என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"நீ சொல்லு. நான் ஏந்துருப்பனா?"

"ஏந்துக்க மாட்டண்ணா" என்றார் அக்கா.

அவர் மனைவி அடுப்பங்கரையிலிருந்து விளக்குமாறோடு வந்தாள். "ஆறுதல் சொல்ல வந்தியா, சாவு சொல்ல வந்தியா?" என்று தெரு முனைவரை எங்களைத் துரத்தினாள். எனக்கு அவமானத்தில் காது சிவந்துவிட்டது. அந்த மனிதர் மறுநாளே ஆள் அனுப்பி அக்காவை மட்டும் கூப்பிட்டார். நெடுங்காலமாகப் பேசாமலிருந்த தம்பியை அழைத்து வரச் சொன்னார். தம்பி வந்தார். அண்ணன் கண் மூடும் வரை பக்கத்திலேயே கிடந்தார். அவர் மனைவி மட்டும் அக்காவை மன்னிக்கவே இல்லை. பிறகு ஒரு நாளும் அவரிடம் கருவாடு வாங்கவில்லை, எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அவள் கோபம் நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

"ஏன்க்கா இப்படி? ஒரு வார்த்தை, எழுந்திருச்சிடுவேன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று சண்டைக்குப் போனேன்.

ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். அவர் நிற்காமலே பேசினார். "படுத்துக்கினு கீறவன்கிட்ட ஊரே பொய் சொல்லுது, வாத்தியாரம்மா. அவனுக்குத் தெரியாதா? அவனும் பொய்யாத் தலைய ஆட்டறான். அப்புறம் அவங்கிட்ட பேச இன்னா கீது? அவன் தனியாக் கெடந்து சாவறான்." கொஞ்ச தூரம் போனபின், "எங்கூட்டுக்காரு ஆஸ்பத்திரில கெடந்தப்ப, தேறிடுவாருன்னு சொன்னாங்கோ. நம்பிக்கினு சந்தைக்குப் பூட்டேன். வந்து பாத்தா கட்டில் காலி" என்றார். அதற்குப் பிறகு அவரிடம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்று நினைத்துவிடாதீர்கள். புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், கடிதாசு இல்லாமல் தவித்த ஒரு பெண், "வருவாராக்கா?" என்று கேட்டாள். "வரமாட்டான்னுதான் தோணுது" என்றார். அந்தப் பெண் சோறு தண்ணீர் இல்லாமல் சுருண்டு படுத்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு அவன் புதுச் சட்டை, தகரப் பெட்டி சகிதம் வந்து இறங்கினான். அக்கா அன்றைக்கே அந்த வீட்டு வாசலில் போய் நின்று, தெருவே கேட்கும்படி, "நான் சொன்னது தப்பு. ஒன்ன அய வெச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

இப்படியே ஊரில் அவருக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. கிணற்றுச் சண்டை, வரப்புச் சண்டை எதுவானாலும் ஊர்த் தெரு ஆட்கள்கூட, "அந்தக் கருவாட்டுக்காரம்மா பாத்துதா? அது சொன்னா சரி" என்பார்கள். அதே வாய்கள், வீட்டில் யாராவது படுத்துவிட்டால், "அதுக்குச் சொல்லாத. அது வந்து போயிடும்னு சொன்னா போயிடும்" என்றும் சொல்லின. அவர் காதுபடவே சொல்வார்கள். அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

எஸ்தர் எங்கள் பின் தெருவில் இருந்தாள். கணவன் மனைவி இரண்டு பேருமே கூலி வேலைக்குப் போகிறவர்கள். அதற்கு முன் இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள். மூன்றாவதுதான் உயிரோடு பிறந்தது, ஆண் பிள்ளை. அவள் அதைக் கீழே விட்டு நான் பார்த்ததில்லை. ஆயர் வந்த மாதத்தில் பிள்ளைக்குச் சளி என்று ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போட்டாள். அடுத்த மாதம் அடைமழை. செய்யாற்றில் வெள்ளம் வந்து சாலை முழுகி, ஆயரால் வர முடியவில்லை. அந்தக் காலனியில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு வைக்கப்போகிற பெயரை ஞானஸ்நானத்துக்கு முன்னால் யாரிடமும் சொல்லமாட்டார்கள். ஆயர் கேட்கும்போதுதான் முதன்முதலாக அது வாயில் வர வேண்டும். அதனால் எஸ்தரின் பிள்ளை எல்லோருக்கும் வெறும் "பையன்"தான்.

நான் செங்கல்பட்டில் அம்மா வீட்டுக்குப் போயிருந்துவிட்டு மழையோடு திரும்பிய அன்று, எஸ்தரின் மாமியார் முக்காடு நனைய ஓடி வந்தாள். பையனுக்கு நாலைந்து நாளாகக் காய்ச்சலாம், இப்போது ஜன்னி கண்டுவிட்டதாம், மகன் ஆயரைக் கூட்டிவர விடிகாலையிலேயே உத்திரமேரூருக்குப் போயிருக்கிறானாம். நான் அக்காவையும் இழுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் அந்தத் தெருவைக் கடந்து போனேன்.

எஸ்தர் மூலையில் உட்கார்ந்து மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அந்த ஈரத்தில் விசிற வேண்டிய தேவையே இல்லை. மாமியார் மழைக்குப் பயந்த ஆட்டை அவிழ்க்க வெளியே போனாள். உள்ளே நாங்கள் மூன்று பேர்தான்.

"வந்துட்டியாக்கா? தண்ணி ஊத்து. பேரு வெச்சுடு. சீக்கிரம் ஊத்துக்கா" என்றாள் எஸ்தர்.

மூலைப் பானையிலிருந்து நான் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டேன். அக்கா குனிந்து பிள்ளையின் மார்பில் உள்ளங்கையை வைத்தார். காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டார். பாதங்களைத் தொட்டார். பிறகு என் கையிலிருந்த சொம்பை வாங்கித் தரையில் வைத்தார்.

"எஸ்தரு, பையன் பூட்டான்."

"இல்ல. தூங்கறான்."

"பூட்டான்மா. சில்லுனு கீறான் பாரு."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். "நேத்தே ஒன்னக் கூப்புட்டிருப்பேன்க்கா. நீ வந்து போயிடும்னு சொல்லிடுவியோன்னு பயந்துக்கினுதான் கூப்புடல. நேத்து கண்ணத் தொறந்து பாத்தான். நேத்து வந்திருந்தா ஊத்தியிருப்ப."

அக்காவின் முகம் அந்த மாதிரி போய் நான் பார்த்ததில்லை.  சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எஸ்தருக்கு இன்னொரு பயம் அதற்குப் பிறகுதான் உறைத்தது. "அப்ப இவன மதிலுக்கு வெளியவா போடுவாங்கோ?" என்று கேட்டு, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

அது எங்கள் சபையின் பழைய ஏற்பாடு. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளுக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை. மதிலுக்கு வெளியே, சப்பாத்திக்கள்ளி ஓரம் புதைப்பார்கள். மணி அடிப்பதில்லை, சிலுவை நடுவதில்லை. பெயரே இல்லாததால் பெயர் எழுதுவதுமில்லை. மழையில் மேடு கரைந்ததும் இடமும் தெரியாமல் போய்விடும். எஸ்தரின் முதல் இரண்டும் அங்கேதான் கிடந்தன. அவை எந்த இடம் என்று அவளுக்கே தெரியாது. இந்த ஒன்றாவது உள்ளே போக வேண்டும் என்பதற்காக அவள் அழுத அழுகையை என்னால் எழுத முடியாது.

மாலையாவதற்குள் ஆயர் வந்துவிட்டார். சைக்கிளை வழியில் எங்கோ போட்டுவிட்டு, எஸ்தரின் கணவனோடு சேறும் சகதியுமாக நடந்தே வந்திருந்தார். வீட்டு முன்னால் சபையார் கூடிவிட்டார்கள். சபை மூப்பர் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஞானஸ்நானம் ஆவலீங்களே ஐயா. மதிலுக்கு அந்தாண்ட எங்கன்னு பாத்துத் தோண்டச் சொல்லட்டுங்களா? இருட்டிக்கினு வருது" என்றார். அவர் கெட்டவரில்லை. அவருடைய பேத்தி ஒன்றையும் அங்கேதான் வைத்திருந்தார்.

ஆயர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "நீங்க இங்கதான் இருந்தீங்களா? ஞானஸ்நானம் கொடுத்தீங்களா?"

நான் தரையில் இருந்த சொம்பைப் பார்த்தேன். அக்கா எழுந்து நின்றார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"ஆச்சிங்கய்யா. நாந்தான் குடுத்தேன்."

"உயிர் இருந்துதா?"

"இருந்திச்சி."

"என்ன பேரு?"

அவருக்கு என்ன பெயர் தெரியும்? எஸ்தர் மனதில் வைத்திருந்த பெயர் அவள் புருஷனுக்குக்கூடத் தெரியாது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். "யோசுவா" என்றார் அக்கா.

எஸ்தர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அழுகை அப்படியே நின்றுவிட்டது.

ஆயர் அடுத்து என்னிடம் கேட்பார் என்று பயந்தேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவர் கேட்கவில்லை. மூப்பரிடம் திரும்பி, "அவங்க சொன்னா சரி. மணி அடிக்கச் சொல்லுங்க" என்றார். மூப்பரும் தலையை ஆட்டினார். மற்றவர்களும் ஆட்டினார்கள். வேறு யார் சொல்லியிருந்தாலும் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள்.

மணி அடித்தார்கள். மழையோடு மழையாக அந்தச் சின்னப் பெட்டியை மதிலுக்குள் கொண்டுபோனார்கள். ஆயர் முறைப்படி ஜெபம் செய்து யோசுவா என்று பெயர் சொல்லி மண்ணைப் போட்டார். பிறகு எஸ்தரின் கணவன் செங்கல்லும் சிமெண்டும் வாங்கி ஒரு சிலுவை கட்டி, ஆணியால் அந்தப் பெயரை அதில் கீறினான். எஸ்தர் ஒரு நாள் என்னிடம், "நான் எடுத்து வெச்சிருந்த பேரு வேற. ஆனா இப்ப அதான் அவன் பேரு. அப்படித்தான் கூப்புடறேன்" என்றாள். வேலை முடிந்து வரும்போது தினமும் மதிலைச் சுற்றி வந்து அவனைக் கூப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த மாதத் திருவிருந்து ஞாயிறு. எல்லோரும் வரிசையாக எழுந்து பீடத்துக்கு முன்னால் போய் முழங்காலிட்டார்கள். அக்கா கடைசிப் பாயில் உட்கார்ந்தே இருந்தார். உடம்பு சரியில்லை என்று நினைத்தேன். அதற்கடுத்த மாதமும் போகவில்லை. அடுத்த மாதமும் அப்படியே.

சபைக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. யாரிடமோ சண்டை என்றார்கள். சந்தையில் ஏதோ தப்புத்தண்டா என்றார்கள். விதவையைப் பற்றி என்னவெல்லாம் சொல்ல முடியுமோ அவ்வளவும் சொன்னார்கள். ஆயர் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தபோது, "எனக்கு மனசு சரியில்லீங்கய்யா" என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. திருவிருந்துக்கு வராதவர் எப்படி வீடு சந்திக்கலாம் என்று மூப்பர்கள் எடுத்துச் சொல்ல, ஆயரும் வேறு வழியில்லாமல் ஊழியத்திலிருந்து அவரை நிறுத்திவிட்டார். எனக்கு ஜோடியாக வேறொரு அம்மாவைப் போட்டார்கள். அந்த அம்மா நன்றாகவே பேசுவார், எல்லோரையும் சீக்கிரம் எழுந்துவிடுவீர்கள் என்பார். பாதி வீடுகளில் நோயாளிகள் எங்களைத் தாண்டி வாசலைப் பார்த்தார்கள். "கருவாட்டுக்காரம்மா வரலியா?" என்று கேட்டவர்களும் உண்டு.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் அவர் வீட்டுக்கே போனேன். கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பைத்தியக்காரத்தனம்? யாரையாவது கெடுக்கவா பொய் சொன்னீங்க? அப்படியே பாவம்னாலும் கடவுள்கிட்ட மன்னிப்புக் கேட்டா தீர்ந்துது. எதுக்கு இப்படி ஊர் வாயில விழணும்?"

"மன்னிப்புக் கேக்கணும்னா வருத்தப்படணுமே."

"படுங்களேன்."

"வரலியே, வாத்தியாரம்மா." கை வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "முயங்கால் போட்டுப் பாத்துட்டேன். நான் பொய் சொன்னேன், அது தப்பு, அதெல்லாம் வருது. ஆனா அய்யா மறுபடி வந்து கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன். அதான் நெசம். வருத்தமே இல்லாம, வருத்தப்படறேன் ஆண்டவரேன்னு சொல்லிட்டுப் போயிக் கைய நீட்டச் சொல்றியா? பீடத்துல நின்னுக்கினு இன்னொரு பொய்யா?"

"அப்படின்னா ஆயர்கிட்டயாவது சொல்லிடுங்க. அவர் நல்லவர்."

"நல்லவருதான். சொன்னா அவருக்குத் தெரிஞ்சிபூடும். தெரிஞ்சப்புறம் அவரு மூப்பர்கிட்ட மறைக்கணும். அவரயும் பொய் பேச வெக்கணும். மறைக்கலன்னா எஸ்தரு புள்ளைய தோண்டி அந்தாண்ட போடுவாங்கோ." மறுபடியும் குனிந்து நெத்திலியைப் பொறுக்க ஆரம்பித்தார். "நான் குந்திக்கினே இருக்கேன். குந்தறதுக்கு இன்னா?"

 வகுப்பில் கற்ற ஆறுதல் வார்த்தைகளில் ஒன்றும் அவருக்குப் பொருந்தவில்லை. எழுந்து வரும்போது எனக்குத்தான் அழுகை வந்தது.

மூன்று வருஷம் கழித்து எஸ்தருக்கு ஒரு பெண் பிறந்தது. இந்த முறை தள்ளிப் போடவில்லை. ஆயர் வந்த முதல் ஞாயிறே ஞானஸ்நானம். ஆராதனை முடிந்து அன்றே திருவிருந்தும் இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எஸ்தர், எல்லோரும் எழுந்து பீடத்தை நோக்கிப் போகும்போது, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நேர் எதிராக நடந்து வந்தாள். கடைசிப் பாயில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பக்கத்துப் பாயில் இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"இங்க இன்னா வேல ஒனக்கு? போ" என்றார் அக்கா, தணிந்த குரலில்.

"நானும் போவல. நீ போவாம நான் மட்டும் எப்பிடிப் போறது? எனக்கும்தான தெரியும்? நானும்தான வாய மூடிக்கினு இருந்தேன்?"

"ஒன்ன யாரும் கேக்கல. நீ பொய் சொல்லல."

"நீ யாருக்காவச் சொன்ன?"

 எஸ்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தினி வருசமா ஒம் மொகத்தப் பாக்காமத்தான் நான் போயி வாங்கிக்கினு இருந்தேன். இன்னிக்கு முடியல. நானும் ஒங்கூடவே இருந்துடறேன்க்கா."

அக்கா கையை உதறினார். அவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றது, குரலில் அது இல்லை.

"ஏந்துரு. நீயும் இங்க வந்து குந்திக்கினா மூப்பருக்குச் சந்தேகம் வரும். ரெண்டு பேரும் ஏன்னு கேப்பாங்கோ. பையன் உள்ள கீறான். அவன் உள்ளயே இருக்கணும்னா நீ போயிக் கைய நீட்டி வாங்கிக்கினு வரணும். மாசா மாசம் வாங்கணும். நீ வாங்கிக்கினு போறதப் பாத்துக்கினுதான் நான் இங்க குந்திக்கினு கீறேன். இல்லாட்டி நான் எதுக்குடி குந்தணும்?"

வரிசையில் கடைசி ஆட்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். எஸ்தர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குழந்தையை அக்காவின் மடியில் வைத்துவிட்டு எழுந்து, பீடத்துக்குப் போய் மற்றவர்களோடு முழங்காலிட்டுக் கைகளை நீட்டினாள்.